மரியோவின் தாவல்: எண்கள், லெவல்கள், பின்னால் வந்தவர்கள்

கோடோ எஞ்சினில் 16 பிக்சல் கட்டங்களை வைத்து ஒரு 2டி கேம் செய்துகொண்டிருக்கிறீர்கள். எஞ்சின் தரும் ஆரம்ப ஸ்கிரிப்டை அப்படியே வைத்திருக்கிறீர்கள். தாவும் உயரம் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ உயரத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது, ஆனாலும் ஆடிப் பார்த்தால் மரியோ போல் இல்லை, ஏதோ மிதக்கிறது என்கிறீர்கள். கூடவே, 1985-இல் வந்த ஒரு கேமை இன்றும் எல்லோரும் உதாரணம் காட்டுவது சின்ன வயது ஞாபகத்தால்தானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. உயரம் சரியாக இருந்தும் உங்கள் கேமில் எது விடுபட்டிருக்கிறதோ, அதுதான் பின்னால் வந்தவர்கள் மரியோவிடமிருந்து கற்றுக்கொண்டது.

எது உறுதி, எது என் கருத்து என்பதை முதலிலேயே பிரித்துவிடுகிறேன். 6502 வகை பிராசசருக்கு அசெம்பிளி மொழியில் எழுதிய இந்த கேமின் நிரலை ஆர்வலர்கள் முழுவதுமாகப் பிரித்து, வரிக்கு வரி குறிப்பெழுதிப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். வேகம், ஈர்ப்பு, மோதல் பற்றி நான் கீழே தரும் எண்கள் அந்த நிரலில் இருப்பவை. ஃபிரேம் கணக்கை, நொடிக்கு 60 ஃபிரேம் என்று வைத்து, நொடிக் கணக்காக மாற்றியது மட்டும் என் வேலை. நீங்களே பெருக்கிச் சரிபார்க்கலாம். எதற்காக அப்படி வைத்தார்கள் என்று சொல்லும் இடங்களில் பெரும்பாலும் அது என் வாசிப்புதான், அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கையில் இருப்பதிலிருந்து தொடங்குவோம். கோடோ 4-இன் ஆரம்ப ஸ்கிரிப்டில் ஓட்ட வேகம் நொடிக்கு 300 பிக்சல், தாவும் வேகம் 400, ஈர்ப்பு 980. உயரம் என்பது வேகத்தின் வர்க்கத்தை ஈர்ப்பின் இரு மடங்கால் வகுத்தது, ஆக சுமார் 82 பிக்சல். மரியோ முழு வேகத்தில் ஓடித் தாவும் உயரம் 80 பிக்சல், அதாவது 5 கட்டம். உயரம் ஒத்துப்போவது இப்படித்தான். மற்றதெல்லாம் வேறு. உங்கள் பாத்திரம் மேலே போக 0.41 நொடி, கீழே வரவும் அதே 0.41 நொடி. பட்டனைத் தட்டினாலும் அழுத்திப் பிடித்தாலும் ஒரே உயரம். நின்ற இடத்திலிருந்து ஒரே ஃபிரேமில் முழு வேகம் வந்துவிடுகிறது, விட்டால் ஒரே ஃபிரேமில் நின்றுவிடுகிறது. ஒரு தாவலில் சுமார் 245 பிக்சல், 15 கட்டத்துக்கு மேல் போகிறது. மரியோ ஓடும் திரையின் மொத்த அகலமே 256 பிக்சல், 16 கட்டம்தான்.

மரியோவின் நிரல், தாவல் பட்டன் அழுத்தப்பட்ட அந்தக் கணத்தில் ஒரே ஒரு விஷயத்தைப் பார்க்கிறது: இப்போது கிடைமட்ட வேகம் எவ்வளவு? அதை வைத்து ஒரு பட்டியலிலிருந்து மூன்று எண்களை எடுக்கிறது: புறப்படும் வேகம், ஏறும்போது பயன்படும் ஈர்ப்பு, இறங்கும்போது பயன்படும் ஈர்ப்பு. கிடைமட்ட வேகம் ஃபிரேமுக்கு 1 பிக்சலுக்கும் குறைவாக இருந்தால், அதாவது நின்றுகொண்டோ மெதுவாக நகர்ந்துகொண்டோ இருந்தால், புறப்படும் வேகம் ஃபிரேமுக்கு 4 பிக்சல். ஈர்ப்பு என்பது ஒவ்வொரு ஃபிரேமிலும் வேகம் மாறும் அளவு: ஏறும் ஈர்ப்பு ஒரு பிக்சலின் 256-இல் 32 பங்கு, இறங்கும் ஈர்ப்பு 256-இல் 112 பங்கு. கோடோவின் அலகில் இவை முறையே 240, 450, 1575. நடை வேகத்தில் புறப்படும் வேகம் அதேதான், ஈர்ப்புகள் மட்டும் சற்றுக் குறைந்து 422, 1350 ஆகின்றன. நொடிக்கு சுமார் 94 பிக்சலுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தால் புறப்படும் வேகம் ஃபிரேமுக்கு 5 பிக்சல், அதாவது 300. ஏறும் ஈர்ப்பு 562.5, இறங்கும் ஈர்ப்பு 2025. மூன்று நிலைகளிலும் விழும் வேகத்துக்கு உச்சவரம்பு ஃபிரேமுக்கு 4 பிக்சல், நொடிக்கு 240.

இந்த எண்களைப் போட்டுப் பார்த்தால் நின்று தாவினால் 64 பிக்சல், ஓடித் தாவினால் 80 பிக்சல். சரியாக 4 கட்டம், 5 கட்டம். இரண்டிலும் உச்சிக்குப் போக எடுக்கும் நேரம் 32 ஃபிரேம், அரை நொடிக்குக் கொஞ்சம் மேல். உயரம் மாறுகிறது, உச்சியை எட்டும் நேரம் மாறவில்லை. விரல் ஒரே தாளத்தைப் பழகிக்கொண்டால் போதும் என்பதற்காகவே இப்படி வைத்திருப்பார்கள் என்பது என் வாசிப்பு. நிரலில் எண்கள்தான் இருக்கின்றன, காரணம் எழுதியிருக்காது. இறங்கும்போது கதை வேறு. நின்று தாவினால் சுமார் 21 ஃபிரேமில் தரைக்கு வந்துவிடும், ஓடித் தாவினால் சுமார் 24. ஏறுவது நிதானம், இறங்குவது வேகம். மிதப்பதாக நீங்கள் சொல்வதற்கு முதல் காரணம் இந்தச் சமமின்மை உங்களிடம் இல்லாததுதான்.

ஏறும் ஈர்ப்பிலிருந்து இறங்கும் ஈர்ப்புக்கு மாறுவது இரண்டு சந்தர்ப்பங்களில் நடக்கிறது. ஒன்று, உச்சியைத் தாண்டிக் கீழ்நோக்கி வரத் தொடங்கும்போது. இன்னொன்று, ஏறிக்கொண்டிருக்கும்போதே பட்டனை விட்டால். இரண்டாவதை நுணுக்கமாகக் கவனியுங்கள். பட்டனை விட்டால் மேல்நோக்கிய வேகம் பூஜ்யமாவதில்லை, பாதியாவதும் இல்லை. ஈர்ப்பு மட்டும் சுமார் மூன்றரை மடங்காகிறது. வேகம் வளைவாகவே குறைகிறது, வெட்டு விழுவதில்லை. பல பயிற்சி வீடியோக்களில் பட்டனை விட்டவுடன் வேகத்தை 0.5-ஆல் பெருக்கச் சொல்வார்கள். அது வேலை செய்யும், ஆனால் பாதையில் ஒரு முறிவு தெரியும். அதுவே உங்களுக்குப் பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். மெகா மேன் கேம்களில் பட்டனை விட்டால் ஏற்றம் அங்கேயே நின்றுவிடும், அந்த கேம்களுக்கு அது பொருந்தவும் செய்கிறது. மரியோவின் உணர்வு வேண்டுமென்றால் ஈர்ப்பைத்தான் மாற்ற வேண்டும். அப்படிச் செய்தால் நின்ற இடத்தில் பட்டனை லேசாகத் தட்டினால் சுமார் 18 பிக்சல், ஒரு கட்டத்தை மட்டும் ஏறும் அளவு. அங்கிருந்து 64 வரை எந்த உயரமும் விரலின் கையில்.

இதை எழுதும்போது வழக்கமாக வரும் பிழைகள் சில. முதலாவது, எந்த ஈர்ப்பு என்பதை ஒவ்வொரு ஃபிரேமிலும் அப்போதைய கிடைமட்ட வேகத்தை வைத்துத் தேர்ந்தெடுப்பது. ஓடி வந்து தாவியவர் நடுவானில் சுவரில் மோதினால் வேகம் பூஜ்யமாகும், ஈர்ப்பு திடீரென்று மாறும், உயரம் எதிர்பாராத இடத்துக்குப் போகும். மரியோவில் தாவும் கணத்தில் எடுத்த ஈர்ப்புகள்தான் தரையிறங்கும் வரை. இரண்டு மாறிகளில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கட்டளைகளின் வரிசை. ஆரம்ப ஸ்கிரிப்டில் முதலில் ஈர்ப்பைச் சேர்க்கிறார்கள், பிறகு தாவல் வேகத்தைப் போடுகிறார்கள், கடைசியில் நகர்த்துகிறார்கள். அந்த வரிசையில் முதல் ஃபிரேமில் முழு 4 பிக்சலும் நகரும், மொத்தம் 66 பிக்சல் கிடைக்கும். தாவல் வேகத்தை முதலில் போட்டு, பிறகு ஈர்ப்பைக் கழித்து நகர்த்தினால் மொத்தம் 62 பிக்சல்தான். 4 கட்டச் சுவரின் உயரம் 64. அதே எண்கள், வரிசை மட்டும் மாறியதால் ஒரு கேமில் ஏற முடியும், இன்னொன்றில் முடியாது. ‘எண்களெல்லாம் சரி, ஆனாலும் தலைதான் தெரிகிறது, ஏற முடியவில்லை’ என்று வரும் புகார்களில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவது, விழும் வேகத்துக்கு வரம்பு வைக்காதது. 2025 ஈர்ப்பை வரம்பில்லாமல் விட்டால் ஒரு நொடியில் பாத்திரம் நொடிக்கு 2000 பிக்சல் வேகத்தைத் தாண்டிவிடும், எங்கே இறங்குவது என்று யோசிக்கவே நேரமிருக்காது. இறங்கும் ஈர்ப்பை அவ்வளவு கடுமையாக வைத்தும் மரியோ கட்டுக்குள் இருப்பது அந்த 240 வரம்பால்தான். அந்த இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள். நான்காவது, பட்டன் அழுத்தியே இருந்தால் தரையைத் தொட்டவுடன் மறுபடி தாவவிடுவது. மரியோவில் ஒவ்வொரு தாவலுக்கும் புதிதாக அழுத்த வேண்டும்.

இனி ஓட்டம். மரியோவைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் தாவலைப் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் பாதி ரகசியம் ஓட்டத்தில் இருக்கிறது. நடையின் உச்சவேகம் நொடிக்கு 90 பிக்சல், பி பட்டனைப் பிடித்து ஓடினால் 150. அந்த வேகம் படிப்படியாகத்தான் வரும். நடைக்கு முடுக்கம் சுமார் 134, ஓட்டத்துக்கு சுமார் 200. திசைப் பட்டனை விட்டால் வேகம் குறையும் வீதம் சுமார் 183, எதிர்த்திசையை அழுத்திச் சறுக்கினால் அதன் இரு மடங்கு. ஆக முழு ஓட்டத்துக்கு வர முக்கால் நொடியும் ஏறத்தாழ மூன்றரைக் கட்டத் தரையும் தேவை. உங்கள் ஸ்கிரிப்டில் வேகத்தை நேராக ஒதுக்கும் வரியை எடுத்துவிட்டு, இலக்கு வேகத்தை நோக்கி ஒவ்வொரு ஃபிரேமிலும் இந்த அளவு நகர்த்துங்கள். கோடோவில் ‘மூவ் டுவர்ட்’ அதற்குத்தான் இருக்கிறது.

காற்றில் இருக்கும்போது இன்னொரு விதி சேர்கிறது. நடை வேகத்தில் தாவியவர் நடுவானில் பி பட்டனை அழுத்தினாலும் நொடிக்கு 90-ஐத் தாண்ட முடியாது. ஓடித் தாவியவருக்கு மட்டும்தான் 150. எதிர்த்திசையை அழுத்தி வேகத்தைக் குறைக்கலாம், பின்னுக்குக்கூட வரலாம், ஆனால் முகம் புறப்பட்ட திசையிலேயே இருக்கும். தாவலின் நீளத்தைத் தரையிலேயே தீர்மானித்துவிட வேண்டும், காற்றில் திருத்தம் மட்டுமே செய்யலாம். நடந்து தாவினால் சுமார் 85 பிக்சல், 5 கட்டத்துக்குச் சற்று மேல். ஓடித் தாவினால் சுமார் 139 பிக்சல், எட்டரைக் கட்டத்துக்குச் சற்று மேல். குழி எவ்வளவு அகலம் என்று கண்ணால் பார்த்து, முன்னால் எவ்வளவு தரை இருக்கிறது என்று பார்த்து, ஓடலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதுதான் அந்த கேம். உங்கள் கேமில் அந்த முடிவே தேவைப்படவில்லை, ஏனென்றால் வேகம் எப்போதும் கையில் இருக்கிறது.

ஒரு சின்ன கருணையும் நிரலில் இருக்கிறது. பி பட்டனை விட்ட பிறகும் 10 ஃபிரேம் வரை ஓட்ட வேகம் அனுமதிக்கப்படுகிறது. நெருப்புப் பந்து எறிவதும் அதே பட்டன்தான், எறிய வேண்டுமென்றால் விட்டு மறுபடி அழுத்த வேண்டும். அந்த 10 ஃபிரேம் இல்லையென்றால் ஒவ்வொரு எறிதலிலும் ஓட்டம் தட்டுப்படும். ஒரே பட்டனுக்கு இரண்டு வேலை கொடுக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

மோதலைக் கண்டறியும் முறையும் உணர்வை மாற்றுகிறது. மரியோவின் உடலைச் சுற்றி முழுப் பெட்டி வைத்துக் கட்டங்களோடு மோதவிடவில்லை. சில புள்ளிகளை மட்டும் சோதிக்கிறார்கள்: தலைக்கு நடுவில் ஒரே புள்ளி, பாதத்துக்கு இரண்டு, பக்கங்களுக்கு ஒவ்வொன்றிலும் இரண்டு. 16 பிக்சல் அகலத்தில் பாதப் புள்ளிகள் 3-ஆவது, 12-ஆவது பிக்சலில் இருக்கின்றன. தலைக்கு ஒரே புள்ளி என்பதால் செங்கல்லின் ஓரத்தில் தலை உரசினால் தாவல் தடைபடாது. பக்கவாட்டுச் சோதனை மெல்ல வெளியே தள்ளிவிடும், ஏற்றம் தொடரும். ஓடும்போது ஒரு கட்ட அகலக் குழியைத் தாவாமலே கடந்துவிட முடிவதும் இந்த ஏற்பாட்டின் விளைவுதான். கோடோவில் 16 பிக்சல் அகலச் செவ்வகத்தை மோதல் வடிவமாக வைத்தால் ஒவ்வொரு மூலையிலும் தலை இடிக்கும். வடிவத்தை 10 பிக்சலுக்குச் சுருக்குங்கள். அதுவும் போதவில்லை என்றால், தலை இடித்த நேரத்தில் இடமோ வலமோ 4 பிக்சலுக்குள் வழி இருக்கிறதா என்று சோதித்து அந்தப் பக்கம் நகர்த்துங்கள். 2018-இல் வந்த செலஸ்ட் கேமில் அதே 4 பிக்சல்தான் வைத்திருக்கிறார்கள். அதன் பாத்திர நிரலை உருவாக்கியவர்களே பொதுவில் வெளியிட்டிருக்கிறார்கள், படிக்கத் தகுந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை, குறிப்பாக நம் ஊர் வாசகர்களுக்கு. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டு வீடுகளில் பலர் ஆடியது நின்டெண்டோவின் அசல் கருவி அல்ல, ஒரே கேட்ரிட்ஜில் நிறைய கேம்கள் அடைத்து விற்ற குளோன்கள். நம் டிவி 50 ஹெர்ட்ஸ் முறை. மரியோவின் கணக்கெல்லாம் ஃபிரேமுக்கு ஃபிரேம் நடப்பதால், நொடிக்கு 60 ஃபிரேமுக்கு எழுதிய பதிப்பை 50-இல் ஓட்டினால் ஓட்டம், தாவல், இசை எல்லாம் ஆறில் ஒரு பங்கு மெதுவாகும். அப்படி ஒரு கருவியில் பழகியவருக்கு மேலே தந்த எண்கள் ‘கொஞ்சம் அவசரம்’ என்று தோன்றும். ஐரோப்பாவுக்காக நின்டெண்டோ வெளியிட்ட 50 ஹெர்ட்ஸ் பதிப்பில் இதைச் சரிக்கட்ட எண்களையே மாற்றியிருக்கிறார்கள், ஆகவே அதிலிருந்து எடுத்த எண்களை இவற்றோடு கலக்காதீர்கள். உங்கள் ஃபிசிக்ஸ் வீதம் 60 என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எண்களை அப்படியே போட்டுவிட்டால் மரியோ வந்துவிடுமா? வராது. அந்த எண்களை அளவுகோலாக வைத்துத்தான் லெவல்கள் கட்டப்பட்டிருக்கின்றன. முதல் லெவலான 1-1-ஐத் திறந்து கட்டங்களை எண்ணிப் பாருங்கள். தரைக்கு மேல் மூன்று கட்டம் காலி, நான்காவது கட்டத்தில் செங்கல் வரிசை. அதற்கு மேல் மறுபடி மூன்று காலி, நான்காவதில் அடுத்த வரிசை. தரையிலிருந்து முதல் வரிசையின் மேற்பரப்பு 64 பிக்சல், அங்கிருந்து அடுத்தது 64 பிக்சல். நின்று தாவும் உயரமும் 64. வரிசையாக வரும் குழாய்களின் உயரம் 2, 3, 4, 4 கட்டம். முதல் குழாயை அரைகுறையாக அழுத்தினாலும் ஏறிவிடலாம், அடுத்ததற்குக் கொஞ்சம் பிடிக்க வேண்டும், 4 கட்டக் குழாய்க்கு முழுவதும் பிடிக்க வேண்டும். அழுத்திப் பிடித்தால் உயரம் கூடும் என்று திரையில் ஒரு வரி எழுதாமலே கற்றுக்கொடுத்துவிடுகிறது. குழிகளோ 2 கட்டம், 3 கட்டம். நடந்து தாவினாலே 5 கட்டம் போகலாம் என்பதால் முதல் லெவலில் கிட்டத்தட்ட இரு மடங்கு சலுகை கிடைக்கிறது.

இதே லெவலின் பிற்பகுதியில் இரண்டு படிக்கட்டு ஜோடிகள் வரும். முதல் ஜோடிக்கு நடுவில் திடமான தரை, தவறினால் ஒன்றும் ஆகாது. அடுத்த ஜோடிக்கு நடுவில் குழி. ஒரே தாவலை முதலில் ஆபத்தில்லாமல் பயில வைத்து, பிறகு ஆபத்தோடு கேட்கிறார்கள். லெவல் வடிவமைப்பில் எனக்குத் தெரிந்த மிகச் சிக்கனமான பாடம் இது. தொடக்கத்தில் வரும் காளானும் அப்படித்தான்: பெட்டியிலிருந்து வந்து வலப்பக்கம் போய்க் குழாயில் மோதித் திரும்பி மரியோவிடமே வருகிறது. இது திட்டமிட்டே செய்தது என்று மரியோவை உருவாக்கிய ஷிகேரு மியாமோட்டோ பேட்டியில் விளக்கியிருக்கிறார். முதல் எதிரியான கூம்பாவைக் கடைசியாகத்தான் சேர்த்தார்கள் என்பதும் கேமை உருவாக்கியவர்கள் சொன்னதே. ஆமை எதிரி ஆரம்பத்துக்குக் கடினமாக இருந்ததால் எளிய ஒன்று தேவைப்பட்டது. இடம் தீர்ந்துபோயிருந்ததால் ஒரே படத்தை இடமும் வலமும் புரட்டி நடக்க வைத்தார்கள்.

இடம் என்றால் மொத்தமே 40 கிலோபைட்: நிரலுக்கும் லெவல்களுக்கும் இசைக்கும் 32, படங்களுக்கு 8. அதில் 32 லெவல். மேகமும் புதரும் ஒரே படம், நிறம் மட்டும் வேறு என்பது பலருக்குத் தெரியும். கருவியின் வேலை நினைவகம் 2 கிலோபைட். அதில் 416 பைட்டில் இரண்டு திரை அளவு கட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டு, வலப்பக்கம் போகப் போகப் பழைய பத்திகளை அழித்துப் புதியதை எழுதுகிறது. திரை இடப்பக்கம் திரும்பாததற்கு இதுவே காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். உடைத்த செங்கற்களை நினைவில் வைக்க இடமில்லை என்பது உண்மை. ஆனால் அதனால்தான் அப்படி முடிவெடுத்தார்கள் என்பது ஊகம். முன்னே மட்டும் போவது ஆட்டத்துக்கும் நல்லது என்று நினைத்தும் இருக்கலாம்.

செல்வாக்கைப் பற்றிக் கேட்டீர்கள். மிகைப்படுத்தப்பட்ட கூற்றுகளை முதலில் ஒதுக்கிவிடலாம். இது முதல் பிளாட்ஃபார்ம் கேம் அல்ல. மியாமோட்டோவின் டாங்கி காங் 1981-இல் வந்தது, பிட்ஃபால் 1982-இல். பக்கவாட்டில் நகரும் திரையோடு பேக்-லேண்ட் 1984-லேயே ஆர்கேடில் வந்துவிட்டது. 1983-இல் சரிந்த அமெரிக்க வீடியோ கேம் வணிகத்தைத் தனியாளாகத் தூக்கி நிறுத்தியது என்பதும் முழு உண்மை இல்லை. கருவியின் விற்பனை உத்தி, வெளி நிறுவனங்களோடு செய்த உரிம ஒப்பந்தங்கள், கடைக்காரர்களுக்குக் கொடுத்த உறுதிகள் எல்லாம் சேர்ந்து நடந்தது அது. 4 கோடிக்கு மேல் விற்றது என்பது சரி, ஆனால் அதில் பெரும்பங்கு கருவியோடு சேர்த்துக் கொடுத்தவை. மறுபக்கம், 1985-க்குப் பிறகு எல்லோரும் இந்தத் தாவலைப் பின்பற்றினார்கள் என்பதும் இல்லை. 1986-இன் கேசில்வேனியாவில் தாவிவிட்டால் திருத்தவே முடியாது. அந்தக் கடினம் வேண்டுமென்றே வைத்தது, அதற்கும் ரசிகர்கள் உண்டு.

மறுக்க முடியாத செல்வாக்கு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, திரை வழுக்கிக்கொண்டு நகர்வது. அப்போதைய ஐபிஎம் கம்ப்யூட்டர்களில் அது பெரும்பாடு. நம் பள்ளிக் கம்ப்யூட்டர் லேப்களில் பலரும் ஆடிய ‘டேஞ்சரஸ் டேவ்’ ஜான் ரொமேரோ மரியோவின் தாக்கத்தில் செய்தது. அதில் விளிம்புக்குப் போனால்தான் அடுத்த திரை வரும், கூடவே வராது. 1990 செப்டம்பரில் ரொமேரோவின் சக நிரலாளர் ஜான் கார்மாக், மாறிய கட்டங்களை மட்டும் திரும்ப வரையும் உத்தியைக் கண்டுபிடித்து, டாம் ஹாலோடு சேர்ந்து மூன்றாம் மரியோ கேமின் முதல் லெவலை, டேவ் பாத்திரத்தை வைத்து, கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினார். நின்டெண்டோ அதை ஏற்கவில்லை. அதே உத்தியில் டிசம்பரில் ‘கமாண்டர் கீன்’ வந்தது, மறு ஆண்டு இட் சாஃப்ட்வேர் நிறுவனம் பிறந்தது. பின்னால் டூம் செய்த அதே நிறுவனம்.

இரண்டாவது, நான் இவ்வளவு நேரம் சொல்லிவந்தது: ஓட்டத்தின் வேகம் தாவலை மாற்ற வேண்டும், விரல் உயரத்தை ஆள வேண்டும், லெவல் அந்தத் தாவலால் அளக்கப்பட வேண்டும். 1991-இன் சோனிக், வேகத்தைச் சேமித்துச் செலவழிக்கும் எண்ணத்தை மலைச்சரிவுகளுக்கும் சுழன்று ஏறும் வட்டப் பாதைகளுக்கும் கொண்டுபோனது. செலஸ்ட், நீள ஓட்டத்தைக் கைவிட்டது. வேகம் சீக்கிரம் வந்துவிடும். ஆனால் பட்டனைப் பிடிக்கும் நேரம் உயரத்தைத் தீர்மானிப்பதும், உச்சிக்கு அருகில் பட்டனைப் பிடித்திருந்தால் ஈர்ப்பு பாதியாவதும், ஏற்றத்தையும் இறக்கத்தையும் வெவ்வேறாக நடத்தும் அந்தப் பழைய எண்ணத்தின் வளர்ச்சிதான். படங்களையும் இசையையும் எடுத்தவர்கள் நிலைக்கவில்லை. 1987-இன் ‘கிரேட் கியானா சிஸ்டர்ஸ்’ மரியோவை அப்பட்டமாக ஒத்திருந்ததால் கடைகளிலிருந்து விலக்கப்பட்டது. இயக்கத்தைப் புரிந்துகொண்டு எடுத்தவர்கள் புதியதைச் செய்தார்கள். உங்களுக்கும் அதுதான் என் பரிந்துரை.

அப்படியானால் மரியோவிலிருந்து எதை எடுக்க வேண்டாம்? தரையின் விளிம்பைத் தாண்டிவிட்டால் மரியோவில் தாவ முடியாது. இன்றைய ஆட்டக்காரர்கள் அதை நிரலின் பிழை என்றே நினைப்பார்கள். செலஸ்டில் விளிம்பைத் தாண்டிய பிறகும் 0.1 நொடி வரை தாவல் ஏற்கப்படும். நீங்களும் 5, 6 ஃபிரேம் கொடுங்கள். தரையைத் தொடுவதற்கு அதே அளவு முன்னால் அழுத்தினாலும் நினைவில் வைத்துத் தரையைத் தொட்டவுடன் தாவ வையுங்கள். இந்த இரண்டும் லெவலின் அளவைக் கொஞ்சம் மாற்றும்: முழு ஓட்டத்தில் 6 ஃபிரேம் என்பது 15 பிக்சல், கிட்டத்தட்ட ஒரு கட்டம். தாண்ட முடியாத குழி என்று நினைத்து வைத்ததைத் தாண்டிவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். சுவரில் தொற்றித் தாவுவது, இரட்டைத் தாவல், காற்றில் பாய்ச்சல் போன்றவை உங்கள் கேமில் உண்டென்றால் மேலே சொன்ன எண்கள் தொடக்கப் புள்ளி மட்டுமே. அங்கே காற்றில் கட்டுப்பாடு அதிகம் தேவை, 45 ஃபிரேம் ஓட்டத் தொடக்கம் எரிச்சலூட்டும்.

லெவல் வரையத் தொடங்குவதற்கு முன் ஒரு சோதனை அறை கட்டுங்கள். 1 கட்டச் சுவர், 2 கட்டச் சுவர், 4, 5, 6 கட்டச் சுவர்கள். 5, 8, 10 கட்டக் குழிகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு முறை 2 கட்டத் தரையும் இன்னொரு முறை 6 கட்டத் தரையும். லேசாகத் தட்டினால் 1 கட்டம் ஏற வேண்டும், 2 ஏறக் கூடாது. நின்று தாவினால் 4 ஏற வேண்டும், 5 ஏறக் கூடாது. 6 கட்டத் தரையில் ஓடி வந்தால் 5 ஏற வேண்டும், 6 எப்படியும் ஏறக் கூடாது. நடந்து 5 கட்டக் குழி, ஓடி 8 கட்டக் குழி தாண்ட வேண்டும். 2 கட்டத் தரையிலேயே முழு ஓட்ட வேகம் வந்துவிட்டால் உங்கள் முடுக்கம் அதிகம். விளிம்புச் சலுகையை நிறுத்திவைத்து இதைச் செய்யுங்கள், எல்லாம் தேறிய பிறகு சலுகையைப் போட்டு மறுபடி ஒரு சுற்று. 4 கட்டச் சுவரில் மட்டும் தோற்றால் ஈர்ப்பும் தாவலும் எந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கின்றன என்று முதலில் பாருங்கள்.